ஆளுக்கு ஒரு வயது

என் அம்மாவுக்கு என்ன வயது என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது.

ரேஷன் கடை வரிசை நீளமாக இருந்தால் தொண்ணூறு. "தொண்ணூறு வயசுக் கெழவி நிக்கிறேன், ஒருத்தனுக்கும் கண்ணு தெரியலையா?" என்று பொதுவாக ஒரு சத்தம் போடுவாள். வழி பிறக்கும். வரிசையில் இரண்டு பேர்தான் என்றால் எழுபதோடு நிறுத்திக்கொள்வாள். தேவைக்கு மேல் கிழவியாவதில் அவளுக்கு விருப்பம் கிடையாது.

டாக்டரிடம் எப்போதும் அறுபத்தைந்து. "வயசு சாஸ்தின்னு தெரிஞ்சா நல்ல மருந்தக் குடுக்க மாட்டானுங்கடா. கெழவிக்கு எதுக்கு வீணாக்கணும்னு நெனைப்பானுங்க" என்பது அவள் கட்சி. முழங்கால் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டரம்மா ஒருமுறை, "அம்மா, உங்க எலும்பப் பாத்தா எம்பது மாதிரி இருக்குதுங்களே" என்றார்.

"எலும்புக்கு என்னா தெரியும்? அது மலை ஏறி எறங்குன எலும்பு. அதுக்கு வயசு கூடத்தான் இருக்கும். நீங்க எனக்கு மருந்து குடுங்க."

மாரியம்மன் கோவில் பூசாரி கேட்டபோது கர்ப்பகிரகத்தைக் கையால் காட்டினாள். "அவளும் நானும் ஒரே செட்டு."

இப்படி ஒரு அம்மாவுக்குப் பிறந்த நான், பிறந்த தேதி போடாமல் அடுத்த பக்கத்துக்கே போகாத கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறேன். குன்னூரில் இ-சேவை மையம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்தவன் நான் ஒருவன்தான். நாள் முழுக்க ஊரார் வயதையெல்லாம் திருத்திக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், திருத்தவே முடியாத ஒன்று அடுப்படியில் உட்கார்ந்து, "தேத்தண்ணி போடவா?" என்று கேட்கும்.

காகிதத்திலும் அவளுக்கு ஒரு வயது இருந்தது. அதுவும் தப்பு. அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி, கையில் பிள்ளைகளோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவள். கரையில் இறங்கியதும் பெயர் பதிய வரிசை. முன்னால் அவளுடைய அக்கா, பின்னால் இவள். குமாஸ்தா பெரியம்மாவின் வயதைக் கேட்டு எழுதினார். அடுத்து இவள் பெயரை எழுதி, வயதுக்கு நேரே 'மேற்படி' என்று போட்டுவிட்டார். கப்பல் ஏறும்போது ஆறு வயது வித்தியாசத்தில் இருந்த அக்காளும் தங்கையும் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் இரட்டைப் பிள்ளைகள்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டிருக்கிறேன்.

"சொன்னேன். மறுபடி கடைசில போயி நில்லுன்னான். இடுப்புல உன் அண்ணன், கையப் புடிச்சிக்கிட்டு உன் அக்கா. ஆறு வயசுதானே, அவனே வச்சுக்கட்டும்னு வந்துட்டேன்."

அன்றிலிருந்து வயது விஷயத்தில் சர்க்காருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று அவள் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு வயதை மட்டும் அவள் மாற்றிச் சொன்னதில்லை. என்னைப் பெற்றபோது அவளுக்கு நாற்பத்தாறு. மறக்க முடியாதாம். எஸ்டேட் லயத்தில் ஒரே கூரை வரிசையாக இருந்த பத்து வீடும் அப்போது விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததாம்.

அக்கா தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்தபோது, தாய் ஏழு மாதம். அப்பா வெட்கப்பட்டு வேலைக்குப் போக வர பின்பக்கத்துக் காட்டுப் பாதையைப் பிடித்துக்கொண்டார். அதில் கரடி வரும். கரடி பரவாயில்லை, கங்காணி வீட்டம்மாவின் வாய்க்கு முன்னால் நடக்க முடியாது என்றாராம். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அக்கா மகன் என்னைவிட மூன்று நாள் மூத்தவன். பார்க்க வந்த கங்காணி வீட்டம்மா வாசலில் நின்று, "பிள்ளை பெத்தவளப் பாக்க வந்தேன். இதுல யாரு?" என்று கேட்டிருக்கிறாள்.

"ரெண்டு பேருந்தான். ஒரு பன்னுதான் கொண்டாந்தியா?" என்றாளாம் அம்மா.

தாய்மார்கள் கொழுந்து பறிக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள எஸ்டேட்டில் ஒரு கொட்டகை உண்டு. அம்மா அதைக் கடைசிவரை பிள்ளைக் காம்பரா என்றுதான் சொன்னாள். அக்கா வாழ்க்கைப்பட்டதும் அதே எஸ்டேட்டில்தான் என்பதால் அங்கே நானும் அக்கா மகனும் ஒரே தூளிக்குச் சண்டை போட்டு வளர்ந்தோம். அவன் என்னை மாமா என்று கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். நடக்கத் தெரிவதற்கு முன்னாலேயே நான் மாமா.

எனக்கு ஆறு வயதானபோது காகிதத்துக்கு ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது. வேலையிலிருந்து நிற்கச் சொன்னார்கள். அப்பா அதற்கு முந்தின வருடம்தான் தவறியிருந்தார். அம்மா அன்று கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு, என் மூக்கைத் துடைத்து, தலையில் அரை டம்ளர் எண்ணெயைக் கொட்டிச் சீவி, என்னை இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். மேனேஜர் புதிதாக வந்த இளம்பிள்ளை. ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா, அம்பத்தெட்டுன்னு தெளிவா இருக்குது. நான் என்ன பண்றது?"

அம்மா என்னைத் தூக்கி அந்த ரிஜிஸ்டரின் மேலேயே உட்கார வைத்தாள்.

"இது நான் பெத்தது. ஆறு வயசு. அம்பத்தெட்டு வயசுக் கெழவிக்கு ஆறு வயசுல பிள்ளை இருக்குமா தொரை? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவருக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை என்று நினைக்கிறேன். காது வரை சிவந்துவிட்டது. ரிஜிஸ்டரில் என் டவுசர் ஈரம் பட்டதுதான் மிச்சம் என்று குமாஸ்தா பின்னால் முணுமுணுத்தார். ஆனால் அம்மாவைத் தற்காலிகம் என்று சொல்லி வைத்துக்கொண்டார்கள். அந்தத் தற்காலிகம் பதினோரு வருடம் ஓடியது. என்னைப் படிக்க வைத்தது அதுதான்.

அப்படி என்னைச் சாட்சிக்கு உட்கார வைத்தவளை, ஐந்து வருடம் கழித்து நான் கைவிட்டேன்.

ஆறாம் வகுப்புக்குக் குன்னூர் பள்ளிக்கூடம். ஒரு நாள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டேன். மழையில், இடுப்பில் கட்டின சாக்கைக்கூட அவிழ்க்காமல், அம்மா மலையிறங்கி வந்து கேட்டில் நின்றாள். தலையெல்லாம் நரை. வெற்றிலை வாய். என்னோடு நின்றுகொண்டிருந்த பையனின் அம்மா ஸ்கூட்டரில் வருகிறவர். அவன் அவளை என் பாட்டி என்று நினைத்துக் கேட்டான்: "ஏன்டா, அது உங்க அம்மிச்சியா?"

"ஆமா," என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால் அம்மா இரண்டடி தூரத்தில் நிற்கிறாள். கேட்டுவிட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுவரை அவளிடம் இல்லாத ஒரு கூனல் மட்டும் எங்கிருந்தோ வந்து முதுகில் உட்கார்ந்தது.

"ஆமா கண்ணு, அம்மிச்சிதான்," என்றாள் அவனிடம். "இவன் ஆத்தா வேலைக்குப் போயிருக்கா. மிச்சம் வைக்காமச் சாப்புடச் சொல்லிக் குடுத்தனுப்புனா." தூக்குப் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கூனலோடேயே தெருமுனை வரை நடந்து போனாள். நடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

அன்று ராத்திரி சோற்றுத் தட்டை நீட்டினேன். ஒரு கரண்டி போட்டாள். இன்னொரு கரண்டி கேட்டேன்.

"அம்மிச்சிக்கிட்ட கேக்காத. உன் ஆத்தா வந்ததும் போடச் சொல்லு."

விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதே. பட்டன் பிய்ந்துபோனதைக் காட்டினால், "அம்மிச்சிக்குக் கண்ணு தெரியாதுப்பா. உன் ஆத்தா வரட்டும்." காய்ச்சலடிக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உன் ஆத்தாளுக்குத்தான் சொல்லி அனுப்பணும்" என்றாள். ஏழு நாள். அக்கா மகன் ஒருவனுக்குத்தான் கொண்டாட்டம். லயத்தில் எல்லோரிடமும் போய், "மாமாவோட அம்மாவக் காணோம்" என்று சொல்லிவிட்டு வந்தான். எட்டாம் நாள் என்னால் முடியவில்லை. தட்டை வைத்துக்கொண்டு, "அம்மா, சோறு போடு!" என்று கத்தினேன். பத்து வீட்டுக்கும் கேட்டது.

"வந்துட்டா, உன் ஆத்தா வந்துட்டா," என்று உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தாள். "எங்க போயி எவன்கூடச் சண்டை போட்டுக்கிட்டு நின்னாளோ, இவ்வளவு நேரம் ஆக்கிட்டா." தட்டு நிறையக் கொட்டினாள். அழுதுகொண்டே தின்றேன். உப்பு அதிகம் என்றும் சொன்னேன்.

அதற்குப் பிறகு யாராவது அவளைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினால் அவர்கள் வாயைத் திறக்கும் முன் நானே, "அம்மா" என்று சொல்லிவிடுவேன். ஹோட்டலில் சர்வர் தண்ணீர் வைக்க வந்தால்கூட. சிலருக்கு அது அதட்டல் மாதிரி இருந்திருக்கும். ஆனாலும் உலகம் தன் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. "பாட்டிய நல்லாப் பாத்துக்கறீங்க தம்பி" என்று என்னைப் பாராட்டியவர்கள் எத்தனையோ பேர்.

எனக்கு முப்பத்துநாலு, அவளுக்கு நிஜமாகவே எண்பது, காகிதத்தில் எண்பத்தாறு ஆனபோது போய்ச் சேர்ந்தாள். காலையில் மழை. நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சாயம் பத்தல. தூளுக்கா பஞ்சம் இந்த ஊர்ல?" என்றாள். சரி என்று இன்னும் கொஞ்சம் கொதிக்க வைத்து எடுத்து வந்தேன். அதற்குள் போய்விட்டாள். மகத்தான கடைசி வார்த்தைகள் என்று ஒன்றும் இல்லை. என் கைப்பக்குவத்தைப் பற்றிய ஒரு புகார்.

லயத்தில் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அண்ணன் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறவர். எங்களுக்கு முன்னாலேயே பேனர் வந்து நின்றது. ஆதாருக்கு எடுத்த போட்டோவில் அம்மா எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி, இரண்டு புறா. கீழே, வயது 95.

"ஏண்ணே, தொண்ணூத்தஞ்சு எங்கருந்து வந்துச்சு?"

"நூறு போடலாம்னுதான் பாத்தேன். நீ சண்டைக்கு வருவ. அதான் அஞ்சக் கொறைச்சேன்."

"அம்மாவுக்கு எம்பதுண்ணே. காயிதத்துலயே எம்பத்தாறுதான்."

"எம்பதுக்கு எவன்டா வெடி போடுவான்? போயி எல்லாருக்கும் டீ சொல்லு."

அதுதான் விஷயம். பேரன் பேத்தி கண்டு, பழுத்த வயதில் போனால் அது கல்யாணச் சாவு. அழக் கூடாது. தப்பு மேளம் வரும், வெடி வரும், ஆட்டம் உண்டு. முதுகுத்தண்டு தேய்ந்துவிட்டது என்று நாலு வருடமாகக் குனியாத என் அக்கா, அறுபது வயதில், தப்புச் சத்தத்துக்குக் குனிந்து நிமிர்ந்து ஆடினாள். அக்கா மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா மாமா, ஆடு மாமா! அம்மிச்சிக்குப் புடிக்கும்!" என்று என் கையைப் பிடித்து இழுத்தான். அவனுக்கு அம்மிச்சி. அவனுக்கும் எனக்கும் ஒரே வயதுதான். ஆனால் அவன் அம்மா ஆடிக்கொண்டிருந்தாள். என் அம்மா பெஞ்சில் படுத்திருந்தாள்.

நான் ஓரமாகப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். யாரோ ஒரு சித்தப்பா வந்து முதுகில் தட்டினார். "என்னடா இது, படிச்சவன் நீ. தொண்ணூத்தஞ்சு வயசுக் கெழவிக்குப் போயி யாராச்சும் கண்ணக் கசக்குவாங்களா? நாலு பேரு பாத்தா சிரிப்பாங்க."

தூக்கும் நேரம் வந்தது. காரியம் செய்ய மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்திருந்தார் அண்ணன். எங்களில் யாரையும் அவருக்குத் தெரியாது. தாய்க்குக் கடைசி மகன் குடம் எடுக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றிவந்து உடைப்பவன் அவன்தான். பேரன்மார் நெய்ப்பந்தம் பிடித்துக் கூட நிற்க வேண்டும். பெரியவர், "பேரனுங்கெல்லாம் வரிசையா வாங்க சாமி" என்று பந்தங்களை ஒவ்வொருவர் கையிலாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். அக்கா மகனுக்குக் கொடுத்தார். அடுத்து என் கையில் ஒன்றைத் திணித்தார்.

"நான் பேரன் இல்லீங்க. மகன். கடைசி மகன். குடம் நான் எடுக்கணுங்க."

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பேனரைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"உங்களுக்கு என்ன வயசுங்க சாமி?"

"முப்பத்தினாலுங்க."

"அப்ப அம்மா அறுவத்தொண்ணுல பெத்தாங்களாக்கும்?"

தப்பு நின்றது. எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பெரியவர் என் தோளைத் தொட்டு, "துக்கத்துல வாய் கொழறுதுங்க சாமி. பரவால்ல, வரிசையில நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, மகனைத் தேடி, ஆடிக்கொண்டிருந்த ஐம்பத்தைந்து வயது அண்ணன் பக்கம் குடத்தோடு போனார்.

"ஐயா, இவரு எனக்கு மாமாங்க," என்றான் அக்கா மகன்.

"பாத்தா உங்க வயசுதானுங்க இருக்குது?"

"நான் மூணு நாள் மூத்தவன்."

"மூத்தவனுக்கு எளையவன் மாமாவா? ஏனுங்க, எழவு வீட்ல வெளையாடறீங்க?"

பந்தத்தைப் பிடித்தபடி நின்றேன். இவ்வளவு பேருக்கு நடுவில், நான் இவள் பெற்ற பிள்ளை என்று எந்தக் காகிதத்தைக் காட்டுவது? காகிதத்தில் அவளுக்கு ஒரு வயது, பேனரில் ஒரு வயது.

ஆட்டத்தை விட்டுவிட்டு அக்கா வந்தாள். வியர்வை சொட்டியது. பெரியவர் கையிலிருந்த குடத்தை வாங்கினாள்.

"யோவ் பெரியவரே, எங்காத்தா இவனப் பெத்தப்போ நான் மூணு நாள் பிள்ளையோட பக்கத்துக் கட்டில்ல கெடந்தேன். அந்த வலியிலயும், 'என்னாடி வேடிக்கை பாக்குற, செவுத்துப் பக்கம் திரும்பிப் படு'ன்னு என்னத் திட்டுச்சு. போதுமா? இன்னும் வெவரம் சொல்லவா? அந்தத் தொண்ணூத்தஞ்சு என் பெரிய தம்பி குடிச்சுட்டு அடிச்சது."

லயமே சிரித்தது. தப்பு அடிக்கிறவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய? அக்கா குடத்தை என் தோளில் வைத்தாள். மூன்று சுற்று வந்து, திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டேன். அது உடைந்த சத்தத்துக்கு நடுவிலும் யாரோ, "அறுவத்தொண்ணாமே!" என்று சொல்லிச் சிரிப்பது கேட்டது. மகன் என்று ஆகிவிட்டது. அழுவது மட்டும் ஆகவில்லை.

அப்புறம் வேலைக்குத் திரும்பினேன். மையத்துக்கு வருகிறவர்கள் காரியத்துக்கு அடித்த மொட்டையைப் பார்த்துவிட்டு விசாரிப்பார்கள். அம்மா என்றதும் முகம் சுருங்கும். உடனே, "வயசு என்னங்க இருக்கும்?" எண்பது என்று உண்மையைச் சொல்வேன். சுருங்கின முகம் அப்படியே தளரும். "ஓ… நல்ல வயசுதானுங்க." அதோடு வருமானச் சான்றுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுவிடுவார்கள். எந்த வயதுக்கு மேல் அம்மா போனால் அது துக்கம் இல்லை என்று எங்கோ யாரோ கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். என் அம்மா அதைத் தாண்டி நடந்துவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் ஊட்டிக்கு ஒரு வேலையாகப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர், மங்கி குல்லாவும் மடியில் சாப்பாட்டுப் பையுமாக. வண்டி கிளம்பியதும் என் தலையைப் பார்த்தார்.

"பழனிக்குங்களா?"

"இல்லீங்க. அம்மா தவறிட்டாங்க."

"அடடா." அவர் முகம் சுருங்கியது. "வயசானவங்களா?"

வாயைத் திறந்தேன். என் வயதிலிருந்து மனசுக்குள் ஒரு கூட்டல் போட்டுப் பார்த்தேன், பொருந்த வேண்டுமே.

"அம்பத்தொம்பதுங்க."

முகம் தளரவில்லை. குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் வயசுங்க," என்றார். "எனக்கு ஃபேக்டரில இன்னும் ஒரு வருசம் சர்வீஸ் இருக்குது. அம்பத்தொம்பதெல்லாம் போற வயசுங்களா தம்பி? என்ன ஆச்சுங்க?"

"காலைல தேத்தண்ணி குடிச்சாங்க. சாயம் பத்தலைன்னாங்க. நான் உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள…"

அதற்கு மேல் வரவில்லை. வேறு ஒன்று வந்தது. முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, மூக்கு ஒழுக அழுதேன். அவர் என் முதுகில் கையை வைத்தார், எடுக்கவில்லை.

வண்டி நின்றது. "அருவங்காடு, ஃபேக்டரி கேட்டெல்லாம் எறங்குங்க," என்றார் கண்டக்டர். "ஏனுங்கண்ணா, எறங்கலையா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார்.

"போலாங்க," என்றார் அவர். "கேத்தி வரைக்கும் இன்னொரு டிக்கெட் போடுங்க."